மேட்டில் ஒன்றுமில்லை

"சித்தப்பா, இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?"

அண்ணன் மகன் கேட்டது நியாயமான கேள்விதான். சௌதாம்டனில் வேலை பார்க்கிறான். லீவு போட்டுவிட்டு என்னை ஸ்டோன்ஹெஞ்சுக்குக் கூட்டிப்போகத் திட்டமிட்டிருந்தான். நான்தான் அடம்பிடித்து, சால்ஸ்பரி நகரத்துக்கு வடக்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கிற ஓல்ட் சாரம் மேட்டுக்கு இழுத்து வந்தேன். வந்து பார்த்தால் மேடு, பள்ளம், மறுபடி மேடு, நடுவில் இன்னொரு பள்ளம், அதற்கு நடுவே ஒரு திட்டு, திட்டின் மேல் இடுப்பளவுக்கும் ஆளுயரத்துக்கும் நிற்கிற சில மொட்டைச் சுவர்கள். மற்றதெல்லாம் புல். நாய்களோடு நடக்க வந்த நாலைந்து பேர்.

"ஏல, இங்க ஒண்ணும் இல்லங்கறதுதான் பாக்க வேண்டியது" என்றேன். சமாளிப்பதாக நினைத்துக்கொண்டான். அவன் நினைத்துக்கொண்டது அப்படியே இருக்கட்டும் என்று அப்போது விட்டுவிட்டேன். அவனுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மேட்டைச் சொல்லிவிடுகிறேன். வெளிக்கரையின் சரிவெல்லாம் மரங்கள். பாதையை விட்டு விலகி அந்த மரங்களுக்குள் இறங்கினால் சட்டென்று வெளிச்சம் குறைகிறது, சத்தம் அடங்குகிறது. வேர்கள் கரையைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. எங்காவது வேர் பெயர்ந்த இடத்தில் உள்ளே வெள்ளை வெளேரென்று தெரிகிறது. சாக்பீஸ் மாதிரி சுண்ணாம்பு. இந்த மலையே சுண்ணாம்புதான். இன்றைக்குப் பச்சைப் போர்வை போர்த்திக்கொண்டு சாதுவாகக் கிடக்கிற இந்தக் கரை, புதிதாக வெட்டிப் போட்ட காலத்தில் வெள்ளையாக மின்னியிருக்கும். சமவெளியில் எத்தனையோ மைல் தள்ளி வருகிறவனுக்கும் கண்ணில் குத்தியிருக்கும். அகழியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் உயரம் உறைக்கிறது. கரையின் மேல் நின்றால் தெரியாது. நானும் அவனும் ஏறி முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்றோம். அவனுக்கு வயசு முப்பத்தி ஒன்று.

இந்தக் கரையைப் போட்டவர்கள் ஏறக்குறைய கிமு 400 வாக்கில் வாழ்ந்த இரும்புக்கால மக்கள். பன்னிரண்டு ஹெக்டேர், நம் கணக்கில் கிட்டத்தட்ட முப்பது ஏக்கர். அவ்வளவு நிலத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணை உள்பக்கம் கரையாகக் கொட்டியிருக்கிறார்கள். அவர்களின் தலைவன் பெயர் என்ன, எதிரி யார், என்ன மொழியில் வைதுகொண்டே மண் சுமந்தார்கள் என்பதற்கெல்லாம் ஒரு வரி எழுத்துகூட இல்லை. பிறகு ரோமானியர்கள் வந்தார்கள், அவர்களுடைய சாலைகள் இங்கே வந்து கூடுகின்றன. பிறகு சாக்சன்கள். பிறகு 1066க்குப் பின் நார்மன்கள். அவர்கள்தான் பழைய கரைக்கு நட்டநடுவில் இன்னொரு அகழி வெட்டி, மண்ணைக் குவித்து, அதன் மேல் கோட்டை கட்டினார்கள். 1086இல் இங்கிலாந்தின் பெரிய நிலவுடைமையாளர்கள் எல்லோரையும் இங்கே வரவழைத்து, வில்லியம் தனக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வைத்தான். கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பேராலயம். 1092இல் அதைப் புனிதப்படுத்தி வைத்த ஐந்தாம் நாள் புயல் அடித்துச் சேதமாகிவிட்டது. நம் ஊராக இருந்தால் அந்த ஐந்து நாளை வைத்தே ஒரு தலபுராணம் எழுதியிருப்பார்கள்.

மேட்டில் தண்ணீர் இல்லை, காற்று ஓயவில்லை, கோட்டைப் படையாட்களுக்கும் பாதிரிமார்களுக்கும் ஓயாத சண்டை. 1220இல் கீழே ஆற்றங்கரைப் புல்வெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள். ஊரும் பின்னாலேயே இறங்கிப் போயிற்று. பழைய பேராலயத்தை இடித்தெடுத்த கற்கள் புது ஆலய வளாகத்தின் மதிலுக்குப் போயின. இன்றைக்கும் அந்த மதிலில் செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய கற்களைத் தேடிப் பார்க்கலாம், நாங்கள் பார்த்தோம். 1514இல் எட்டாம் ஹென்றி, கோட்டையின் கட்டுமானப் பொருட்களையும் பெயர்த்துக்கொள்ளச் சொல்லி ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். முகப்புக் கற்களை உரித்துவிட்டதால் மிச்சம் நிற்கிற சுவர்களில் வெறும் சிக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான் தெரிகின்றன. தோல் உரித்த ஆட்டைத் தொங்கவிட்ட மாதிரி.

ஆக, பதினாறாம் நூற்றாண்டில் இந்த மேட்டில் ஆள் இல்லை, கல் இல்லை, கோயில் இல்லை. இத்தனையும் போன பிறகும் ஒன்றே ஒன்று போகவில்லை. அந்த ஒன்றைப் பார்க்கத்தான் நான் வந்தேன்.

இந்த மேட்டுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்கள் இருந்தன. ஊர் இருந்த காலத்தில் கொடுத்த உரிமை. ஊர் இறங்கிப் போன பிறகும் உரிமை மேட்டிலேயே தங்கிவிட்டது. குறிப்பிட்ட சில நிலத்துண்டுகள் யார் பெயரில் இருக்கின்றனவோ அவர்களுக்கு ஓட்டு. அந்தத் துண்டுகளையெல்லாம் ஒருவனே வாங்கிவிட்டால், தேர்தல் நேரத்தில் வேண்டப்பட்டவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்து, ஓட்டுப் போடவைத்து, மறுபடி வாங்கிக்கொள்ளலாம். கீழே வயலில் ஒரு மரத்தடியில் தேர்தல் நடக்கும். 1831இல் வாக்காளர்கள் பதினோரு பேர். ஒருத்தர்கூட அங்கே குடியிருந்தவர் இல்லை. அதே காலத்தில் லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்த மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும் தனியாக ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. 1832இல் சீர்திருத்தச் சட்டம் வந்துதான் இந்தக் கூத்து முடிந்தது. ஆங்கிலேயர்களே இந்த மாதிரித் தொகுதிகளுக்கு வைத்த பெயர், அழுகிய தொகுதிகள்.

இனிமேல்தான் நம் கதை.

1691 வாக்கில் இந்த மேட்டையும் சுற்று நிலங்களையும் வாங்கியவன் பெயர் தாமஸ் பிட். ஆமாம், அதே பிட். 1698 முதல் 1709 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவன். கோல்கொண்டாப் பக்கத்துச் சுரங்க வைரம் ஒன்றை வாங்கி, பட்டை தீட்டி, 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு 135,000 பவுனுக்கு விற்ற 'வைரப் பிட்'. மதராஸ் பணத்தில் இந்த மேட்டை வாங்கினான் என்று எழுதினால் கட்டுரைக்கு வசதியாக இருக்கும். ஆனால் கணக்கு உதைக்கிறது. வாங்கியது கவர்னர் ஆவதற்கு முன்னால். அப்போது அவன் கம்பெனியின் அனுமதி இல்லாமலே இந்தியக் கரையில் திருட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தவன். கம்பெனி அவனைத் துரத்தித் துரத்திப் பார்த்துவிட்டு, ஒடுக்க முடியாமல், கடைசியில் தன் வேலையிலேயே சேர்த்துக்கொண்டது. ஆக, மதராஸ் பணம் இல்லை, இந்திய வியாபாரப் பணம். மதராஸ் பணம் பிறகு சேர்ந்துகொண்டது. கவர்னர் வேலை முடிந்து திரும்பியதும் 1710இல் மறுபடி ஓல்ட் சாரம் உறுப்பினராக உட்கார்ந்தான். பேரன் மூத்த வில்லியம் பிட் 1735இல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குப் போனதும் இந்தப் புல்மேட்டின் பிரதிநிதியாகத்தான். அவன் பிறகு பிரதமர். அவன் மகனும் பிரதமர்.

பிட் குடும்பத்தின் கையிலிருந்து மேடு எப்போது போனது? 1802இல். வாங்கியவர் கலெடன் பிரபு. அவருடைய முழுப்பெயர் டூ பிரே அலெக்சாண்டர். அந்த 'டூ பிரே' எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1770 முதல் 1773 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசையாஸ் டூ பிரே, இவருடைய அத்தையின் கணவர். அப்பா ஜேம்ஸ் அலெக்சாண்டரும் கம்பெனி உத்தியோகத்தில் இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பிப் பிரபு ஆனவர். ஒரு மதராஸ் கவர்னரின் குடும்பத்திடமிருந்து இன்னொரு மதராஸ் கவர்னரின் உறவுக்குள் இந்த மேடு கைமாறியது. சந்தையில் மாடு கைமாறுகிற மாதிரி.

1802 என்ற வருஷத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டப்பிடாரம் பக்கத்தில் பிறந்த எனக்கு அந்த வருஷத்தைவிட அதற்கு முந்தின வருஷம் முக்கியம். 1801 மே 24, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த நாள்.

இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுற்றித் தொடர்பு உண்டு, அதை மறைக்கவும் முடியாது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, மதராஸில் இருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வட்டி போட்டுக் கடன் வாங்கித் தீர்த்தார். அந்தக் கடன்காரர்கள் லண்டன் திரும்பி, இந்த மாதிரி அழுகிய தொகுதிகளில் இடம் வாங்கி நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார்கள். பால் பென்ஃபீல்டு என்பவன் பெரிய புள்ளி, இந்த மேடு இருக்கிற அதே வில்ட்ஷயரில் கிரிக்லேடு தொகுதியில் உறுப்பினர் ஆனவன். கடன்கள் உண்மையா பொய்யா என்று விசாரிக்காமலே அவற்றை நவாபின் வரிப்பணத்திலிருந்து அடைக்கலாம் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் எழுந்து மணிக்கணக்காகக் கிழித்துத் தொங்கவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது பிரதமர் யார்? வைரப் பிட்டின் கொள்ளுப்பேரன், இளைய பிட். கடன் அடைக்க வரி வேண்டும், வரிக்குப் பாளையங்களைப் பிழிய வேண்டும். 1792 உடன்படிக்கைப்படி பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கிற உரிமை கம்பெனிக்கு வந்தது. 1798இல் கட்டபொம்மனைக் கலெக்டர் ஜாக்சன் ஊர் ஊராக அலையவிட்டுக் கடைசியில் ராமநாதபுரத்தில் சந்தித்ததும், அடுத்த வருஷம் பானர்மன் படையோடு வந்ததும், அக்டோபர் 16இல் கயத்தாற்றுப் புளியமரமும் நம் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கிஸ்திக் கணக்கின் இன்னொரு நுனி ஆளில்லாத புல்மேடுகளில் கட்டியிருந்தது என்பதை யாரும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை.

இப்போது நான் சண்டைக்கு வருகிறேன்.

ஓல்ட் சாரத்தை ஒரு காலத்தில் யாராவது 'புனரமைத்திருந்தால்' என்ன ஆகியிருக்கும்? நார்மன் கோட்டையைக் கல்லும் சிமெண்டும் கொண்டு எழுப்பி, கொடி கட்டி, கவசம் போட்ட பொம்மைகளை வாசலில் நிறுத்தியிருந்தால்? என் அண்ணன் மகன் கைதட்டியிருப்பான். செல்ஃபி எடுத்திருப்பான். ஆனால் இந்த மேட்டின் மிகப் பெரிய உண்மை அவனுக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. இந்த இடத்தின் சரித்திரத்தில் வெறுமைதான் பெரிய சம்பவம். யாருமில்லாத இடத்துக்கு இரண்டு உறுப்பினர்கள் என்ற அநியாயத்தை வெறும் மேட்டில் நின்றால்தான் உடம்பால் உணர முடியும். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். புல், காற்று, தூரத்தில் சால்ஸ்பரி ஆலயத்தின் 123 மீட்டர் ஊசிக்கோபுரம். 'இதற்கா இரண்டு ஓட்டு?' என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நாய் பிடித்துக்கொண்டு போன அம்மாள் திரும்பிப் பார்த்தார். கோட்டை எழுப்பியிருந்தால் அந்தக் கேள்வியை எழுப்ப வழியே இல்லை.

பாஞ்சாலங்குறிச்சியில் நாம் என்ன செய்தோம்?

1799இல் முதல் தடவை கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரி 2இல் ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார்கள். சில நாட்களில் வெள்ளைக்காரப் படை போய்ப் பார்த்தால், இடித்துப்போட்ட இடத்தில் சுவர் நிமிர்ந்து நிற்கிறது! ஊர் ஜனம் ராத்திரி பகலாக மண் சுமந்து எழுப்பிய சுவர். மேஜர் மெக்காலே மார்ச் 31இல் பீரங்கி வைத்து உடைத்து ஏறப் பார்த்துப் பலத்த சேதத்தோடு திரும்பினார். பிறகு கர்னல் அக்னியூ கனத்த பீரங்கிகளோடு வந்து மே 24இல்தான் பிடிக்க முடிந்தது. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தன் படை நினைவுகளில் கோட்டையை வர்ணித்திருக்கிறார். ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம், முழுக்க முழுக்க மண். பன்னிரண்டடி உயரச் சுவர். வெளியே முள்வேலி. அவ்வளவுதான்! அந்த மண்ணுதான் சாம்ராஜ்யத்தின் பீரங்கியை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தது. கல்லாக இருந்தால் குண்டு பட்டுச் சிதறியிருக்கும். மண் குண்டை வாங்கி விழுங்கிக்கொண்டது. பிடித்த பிறகு கம்பெனிக்காரன் கோட்டையைத் தரைமட்டமாக்கினான். அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தான் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற பேச்சு.

அதாவது, வெறும் தரை ஆக்குவதுதான் தண்டனை. உழுத நிலம்தான் தீர்ப்பு. அந்த வெறுமை கம்பெனி எழுதி வைத்துவிட்டுப் போன ஒப்புதல் வாக்குமூலம். 1974இல் அரசு அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நினைவுக் கோட்டை கட்டியது. மதில், கொத்தளம், வாசல், உள்ளே சுவர் முழுக்கப் போர்க்காட்சி ஓவியங்கள். பழைய அரண்மனையின் அடித்தளம் தொல்லியல் துறையின் பொறுப்பில் ஓரமாகக் கிடக்கிறது. பஸ்ஸில் வருகிற பள்ளிப் பிள்ளைகள் புதுக் கோட்டைக்குள் போய்விட்டு, வெளியே வந்து, ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு, பஸ் ஏறிவிடுகிறார்கள். அடித்தளத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? நான் போன நாட்களில் என்னையும் சேர்த்து விரல் விட்டு எண்ணலாம்.

அந்த நினைவுக் கோட்டையைக் கட்டியபோது எனக்கு எட்டு வயசு. அப்பா சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். புதுச் சுண்ணாம்பு வாசம். எனக்கு அது சொர்க்கம். சிவாஜி எந்த நேரமும் குதிரையில் வெளியே வந்துவிடுவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். 1959இல் வந்த படத்தை எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் அதற்குள் மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் அளந்தேன். ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அது சினிமாக் கோட்டைல்லா. நம்ம கோட்ட மண்ணுல்லாடா" என்றாள். அவளுடைய ஆச்சி சொல்லி அவளுக்குத் தெரிந்தது. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. மண் என்றால் ஏழை வீடு. ராஜா மண் வீட்டிலா இருப்பார்?

அந்தக் கோபம்தான் நம் எல்லோருடைய கோபமும் என்று இப்போது தோன்றுகிறது. மண்ணால் கட்டினோம் என்று சொல்ல நமக்குக் கூசுகிறது. கல்லில் எழுப்பிக் காட்டினால்தான் மரியாதை என்று நினைக்கிறோம். அதனால், பீரங்கியை நிறுத்திய மண்சுவரின் சாமர்த்தியத்தை, அதை ராவோடு ராவாக எழுப்பிய குடியானவனின் கையை, சினிமா கொத்தளத்தின் பின்னால் ஒளித்துவிட்டோம். கம்பெனிக்காரன் கோட்டையை அழித்தான். நாம் அவன் அழித்த தடத்தை அழித்தோம். இரண்டில் எது பெரிய தப்பு என்று என்னைக் கேட்டால், முதலாவதுதான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டாவது நம் கையால் செய்தது.

இதற்கு மறுப்பு வரும். எனக்கே தெரிகிற மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். ஓல்ட் சாரம் மேட்டை அந்நியன் யாரும் இடிக்கவில்லை. அவர்களே இறங்கிப்போனார்கள், அவர்களே கல்லைப் பெயர்த்தார்கள். அதனால் வெறும் மேட்டைப் பார்த்து அவர்களுக்கு வலிக்காது. இடிபட்ட ஜனத்துக்குத் திரும்பக் கட்டாமல் நெஞ்சு ஆறாது. ஊமைத்துரையே இடித்ததைத் திரும்பக் கட்டியவன்தானே, 1974இல் கட்டியதை மட்டும் எதற்குக் குறை சொல்கிறாய்? இந்தக் கடைசிக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. இப்போது என் பதில் இது: ஊமைத்துரை கட்டியது சண்டை போட. அதே இடத்தில், அதே மண்ணில், அதே அளவில் கட்டினான். 1974இல் கட்டியது பார்க்க வைக்க. வேறு பொருளில், வேறு உருவத்தில். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு மறுப்பு, சீதோஷ்ணம் பற்றியது. இதை நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். அங்கே புல் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது. இங்கே ஐப்பசி மழை நாலு அடித்தால் மண் கரைந்து ஓடும். மிச்சத்தைச் சீமைக்கருவேலம் தின்றுவிடும். சும்மா விட்டுவைப்பது இங்கே சும்மா நடக்காது, அதற்குச் செலவும் ஆளும் வேண்டும். ஆனால் முடியாதது இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே ஆதிச்சநல்லூரில் 2023இல் அகழாய்வுக் குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழியைத் தாழி கிடந்த இடத்திலேயே பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் 'ஒண்ணுமே இல்லியே' என்று சொல்லிக் கேட்டதில்லை. காலுக்கடியில் மூவாயிரம் வருஷத்து மனுஷன் கிடந்த குழி இருக்கும்போது யாருக்கு அந்தப் பேச்சு வரும்?

'வெள்ளைக்காரனைப் பார்த்துக் கத்துக்கோன்னு சொல்ல வர்றியா' என்று ஒரு குரல் இப்போது எழும்பும். இல்லை சாமி. அவர்களும் செய்கிறார்கள். டின்டாஜல் கடற்கரைப் பாறையில், ஆர்தர் கதை மந்திரவாதி மெர்லினின் முகத்தை 2016இல் செதுக்கிவைத்து, உள்ளூர்க்காரர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஓல்ட் சாரத்தைப் பராமரிக்கிற அதே அமைப்புதான் அதையும் செய்தது. ஒரு கையில் பொறுமை, ஒரு கையில் உளி. நான் சொல்வது இந்த ஒரு மேட்டை அவர்கள் விட்டுவைத்த விதத்தை மட்டும்தான்.

அதில் ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். இடித்தெடுத்துப் போன பேராலயம் நின்ற இடத்தை 1909 முதல் 1915 வரை தோண்டிப் பார்த்தார்கள். இப்போது புல்லுக்குள் அதன் கால்கோள் மட்டும் தரையோடு தரையாகக் கோடு கோடாகத் தெரிகிறது. சுவர் எழுப்பவில்லை, தூண் நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கோட்டின் மேல் நடந்தால் எவ்வளவு நீளம், எங்கே திரும்புகிறது, பலிபீடம் எங்கே என்பது காலுக்குத் தெரிகிறது. அண்ணன் மகன் அங்கேதான் முதல் தடவையாகச் செல்போனைப் பாக்கெட்டில் போட்டான். கோட்டைப் பிடித்துக்கொண்டே ஒரு முழுச் சுற்று நடந்து வந்தான். வந்து, "சித்தப்பா, இது பெரிய கோயிலா இருந்திருக்கும் போல" என்றான். எவ்வளவு பெரிசு என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. 2014இல் சௌதாம்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு கரண்டி மண்ணைக்கூடத் தோண்டாமல், கருவிகளை வைத்தே வெளிக்கோட்டைக்குள் புதைந்துகிடக்கிற ஊரின் வரைபடத்தை எடுத்தார்கள். மேலே கான்கிரீட் கொட்டியிருந்தால் அந்தக் கருவிக்கு என்ன தெரிந்திருக்கும்?

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பழைய கல் என்று நிற்பது ஒன்று உண்டு. 1799இலும் 1801இலும் செத்த வெள்ளைக்காரப் படையாட்களின் கல்லறைகள், ஒட்டப்பிடாரத்தில். அவர்கள் தங்கள் செத்தவர்களுக்குக் கல் வைத்துவிட்டுப் போனார்கள். எதிர்ப்பக்கம் செத்தவர்களுக்கு வீரசக்கதேவி கோயிலும் வருஷத் திருவிழாவும் கதைப்பாட்டும் இருக்கின்றன, அவற்றை ஜனம் தானாகவே காப்பாற்றி வந்திருக்கிறது, நானும் நீங்களும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரும் காப்பாற்றாதது அந்தச் சுவரைத்தான்.

நினைவுக் கோட்டையை இடிக்கச் சொல்லவில்லை. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, இனி அதுவும் ஒரு சரித்திரம். 1974இல் நாம் நம்மை எப்படிப் பார்த்துக்கொள்ள விரும்பினோம் என்பதன் சரித்திரம். அதற்கு வெள்ளையடிப்பதற்கு ஒதுக்குகிற பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, அந்த 500 அடியையும் 300 அடியையும் தரையில் கோடு போட்டுக் காட்டுங்கள். தொல்லியல் அறிந்தவர்கள் சொல்கிற இடத்தில், சொல்கிற அளவில். பிள்ளைகள் அந்தக் கோட்டின் மேல் ஒரு சுற்று நடந்து வரட்டும். இவ்வளவு சின்ன இடத்தை வைத்துக்கொண்டா அவ்வளவு பெரிய படையை நிறுத்தினார்கள் என்று அவர்களே கேட்கட்டும். கோட்டுக்கு உள்ளே ஒன்றும் கட்ட வேண்டாம். சிலை வேண்டாம், நீரூற்று வேண்டாம், ஒலி ஒளிக் காட்சி சத்தியமாக வேண்டாம். ஒரே ஒரு பலகை, அதில் இரண்டு தேதிகள்.

உள்ளே, ஒரு மூலையில், ஆமணக்கு நாலு செடி நட்டால் போதும். எங்கள் மண்ணுக்கு அது தண்ணீர்கூடக் கேட்காது.